ஆறாவது சுற்றில் தேர்வான பையன்: வரும் பணத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் என் தங்கை மகனை 2025 டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஆறாவது சுற்றில் கலிஃபோர்னிய அணி ஒன்று எடுத்திருக்கிறது. நான்கு ஆண்டு ஒப்பந்தம், கையெழுத்து போனஸ் சுமார் 2 லட்சம் டாலர். அம்மாவுக்கு வீடு, தனக்கு ஒரு புது டிரக் வேண்டும் என்கிறான். கல்லூரி நண்பன் உணவகம் தொடங்க முதலீடு கேட்கிறான். தங்கையோ, "நீங்களே பார்த்துக்கோங்க அண்ணா" என்கிறாள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் வாழ்த்துகள். ஆறாவது சுற்றில் இடம் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் நான்கு ஆண்டு என்று தாளில் இருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உறுதியாக அவனுடையது அந்த போனஸ் மட்டும்தான். என்எஃப்எல் என்ற அந்தத் தொழில்முறை லீக்கில் கடைசிச் சுற்றுகளில் வருபவர்களின் சம்பளத்துக்குப் பெரும்பாலும் உத்தரவாதம் கிடையாது. பயிற்சி முகாமில் 90 பேர் இருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆகிவிடும். அந்த 53-இல் இல்லையென்றால் அந்த ஆண்டுச் சம்பளமும் இல்லை. பயிற்சி அணியில் வைத்துக்கொண்டால் 2025 கணக்கில் வாரம் 13,000 டாலர் கிடைக்கும், அதுவும் வைத்திருக்கும் வாரங்களுக்கு மட்டும். வீரர்கள் சங்கத்தின் கணக்குப்படி ஒருவரின் சராசரி ஆட்டக்காலம் மூன்றரை ஆண்டுகூட இல்லை.

சரி, 53-இல் இடம் பிடித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். முதலாண்டு வீரரின் குறைந்தபட்ச ஊதியம் 2025-இல் 8,40,000 டாலர். மத்திய வருமான வரி உச்சத்தில் 37 சதவீதம். அதற்கு மேல் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம், கலிஃபோர்னிய மாநில வரி. வேறு மாநிலத்தில் ஆடும் ஆட்டங்களுக்கு அந்தந்த மாநிலமும் தன் பங்கைக் கேட்கும். ஏஜென்ட்டுக்கு 3 சதவீதம் வரை போகும். 2018 முதல் அதை வரியில் கழிக்கவும் முடியாது. எல்லாம் போக, கைக்கு ஏறக்குறைய பாதிதான் வரும். போனஸ் விஷயத்தில் மட்டும் ஒரு வழி உண்டு. அவனுடைய நிரந்தர வசிப்பிடம் டெக்சாஸ்தான் என்று ஆவணங்களோடு நிலைநாட்ட முடிந்தால், போனஸ் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து அதற்கு மாநில வரி இல்லாமல் போகலாம். விளையாட்டு வீரர்களின் கணக்கைப் பார்த்துப் பழகிய வரிக் கணக்காளர் ஒருவரிடம் இதை இப்போதே கேளுங்கள்.

அப்புறம், மாதச் செலவுக்கு ஒரு தொகையைக் கட்டிவையுங்கள். நான் சொல்வது 5,000 டாலர். டெட்ராய்ட் லயன்ஸ் வீரர் ரயன் பிராய்ல்ஸ் லட்சக்கணக்கில் வந்தபோதும் ஆண்டுக்கு 60,000 டாலருக்குள் குடும்பம் நடத்தினார். பால்டிமோர் ரேவன்ஸின் ஜான் அர்ஷெல் 25,000 டாலரில் வாழ்ந்தார், பழைய நிசான் வெர்சா ஓட்டினார். 2017-இல் ஓய்வு பெற்று எம்ஐடியில் கணித ஆய்வைத் தொடர அவருக்குப் பணக்கவலை இருக்கவில்லை. உங்கள் பையனுக்கு வரி போக போனஸில் மிஞ்சும் 1 லட்சத்துச் சொச்சம், இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுச் செலவு. அதைக் குறுகிய கால அரசுப் பத்திரங்களில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். அணி அவனைக் கழற்றிவிட்டாலும், காயம் பட்டாலும், அவன் நிதானமாக அடுத்ததை யோசிக்க அந்தப் பணம்தான் நேரம் வாங்கித் தரும்.

காயம் என்றதும் ஒன்று. ஒப்பந்தத்தில் 'ஸ்ப்ளிட்' என்ற பிரிவு இருக்கிறதா பாருங்கள். கடைசிச் சுற்று வீரர்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். இருந்தால், காயப் பட்டியலில் கிடக்கும் வாரங்களுக்குச் சம்பளம் வெகுவாகக் குறையும்.

லீக்கின் சேமிப்புத் திட்டத்தை மட்டும் விட்டுவிடவே கூடாது. 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் அவன் ஒரு டாலர் போட்டால், உச்சவரம்பு வரை லீக் இரண்டு டாலர் சேர்க்கிறது. எந்தப் பருவத்திலிருந்து அவனுக்குத் தகுதி என்று சங்கத்திடம் கேட்டு, தகுதி வந்த உடனே முழு வரம்புக்கும் போடச் சொல்லுங்கள். ஒரு பருவத்தில் மூன்று ஆட்டங்களுக்கு முழுச் சம்பளப் பட்டியலில் இருந்தால் அது கணக்கில் ஏறும். அப்படி மூன்று பருவங்கள் சேர்ந்தால் ஓய்வூதியம் உறுதி, ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டு மருத்துவக் காப்பீடும் உண்டு. மூன்றாம் பருவத்தில் வேறு அணி குறைந்த தொகைக்குக் கூப்பிட்டாலும் இதை மனதில் வைத்து முடிவெடுக்கட்டும்.

உணவகத்துக்குப் பணம் வேண்டாம். 1996 முதல் 2003 வரை டிராஃப்டில் தேர்வானவர்களை ஆராய்ந்து 2015-இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு, ஓய்வு பெற்ற 12 ஆண்டுகளுக்குள் அவர்களில் ஏறக்குறைய 16 சதவீதம் பேர் திவால் மனு போட்டதாகக் காட்டியது. கூடுதலாகச் சம்பாதித்தவர்களும் நீண்ட காலம் ஆடியவர்களும்கூட இதிலிருந்து பெரிதாகத் தப்பவில்லை. ஆலோசகர் பேச்சை நம்பி அலபாமாவில் ஒரு சூதாட்ட விடுதியில் பணம் போட்ட முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் சுமார் 4 கோடி டாலரை இழந்தார்கள். நண்பனிடம் இல்லையென்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருக்கும். அந்தப் பழியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். "மாமா சம்மதிக்க மாட்டார்" என்று அவன் சொல்லட்டும்.

டிரக் வாங்கட்டும், பழையதாக, முழுப்பணம் கொடுத்து. தங்கைக்கு வீடு இரண்டாவது ஒப்பந்தத்தில். அதுவரை அவள் வாடகையில் மாதம் ஒரு பகுதியை அவன் கொடுக்கலாம், அந்த 5,000-க்குள்ளேயே.