ஒரு டாலர் என்று சொல்லி 4,300 ரூபாய் எடுத்துவிட்டார்கள்: பணம் திரும்புமா?

கேள்வி: மகளின் வேலை விண்ணப்பத்துக்காக அவளுடைய சான்றிதழின் பிடிஎஃப் கோப்பை 200 கேபிக்குள் சுருக்க வேண்டியிருந்தது. கூகுளில் தேடியதும் முதலில் வந்த தளத்தில் ஏற்றினேன். சுருக்கிவிட்டதாகக் காட்டியது. பதிவிறக்கப் போனால் ஒரு டாலர் கட்டச் சொன்னது. கடைசி நாள் என்பதால் கிரெடிட் கார்டு விவரத்தைக் கொடுத்துவிட்டேன். ஓடிபிகூட வரவில்லை. எட்டாம் நாள் 4,300 ரூபாய் பிடித்திருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. வங்கியில் கேட்டால், "நீங்களே கார்டு எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். பணத்தை மீட்டுத் தருவதாக இணையத்தில் ஒருவர் 800 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. அந்த 800 ரூபாயைக் கேட்பவர் அடுத்ததாக உங்கள் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவச் சொல்வார். உங்கள் திரை முழுவதும் அவருக்குத் தெரியும்படி செய்கிற செயலி அது. பிறகு, "பணம் திரும்ப வரவேண்டும் என்றால் உங்கள் யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள்" என்பார். பணம் பெற யுபிஐ பின் எண் எந்தக் காலத்திலும் தேவையில்லை. பின் எண்ணைப் போட்டால் பணம் வெளியேதான் போகும். 4,300 ரூபாயை மீட்கப் போய் 43,000 ரூபாயை விட்டவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இந்த ஆட்களை மக்கள் எங்கே பிடிக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடும்போதுதான். தேடல் முடிவில் மேலே வருகிற எண் வங்கியுடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பணம் கட்டி விளம்பரம் போட்டவனுடையதாகவும் இருக்கலாம். உங்கள் கார்டின் பின்புறத்தில் வங்கியின் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. அதைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் இந்த விஷயமாகப் பேசாதீர்கள். ஏற்கெனவே அவரிடம் பேசி, ஓடிபியோ பின் எண்ணோ கொடுத்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். அங்கே எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

இனி உங்கள் 4,300 ரூபாய்க்கு வருவோம். இது எப்படி நடந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. நீங்கள் கட்டிய ஒரு டாலர், ஏழு நாள் சோதனைச் சந்தா. ஏழு நாள் முடிந்ததும் முழுச் சந்தா தானாகத் தொடங்கும் என்ற வரி, அந்தப் பக்கத்தின் அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில் எங்கோ இருந்திருக்கும். உள்நாட்டு இணைய வணிகத்துக்கு ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. வெளிநாட்டு வணிகருக்கு நம் கார்டில் போகும் பணத்துக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. அதனால்தான் ஓடிபி வரவில்லை. உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருந்தது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவை.

ஆகவே இன்றே வங்கியின் செயலியைத் திறந்து, அந்தக் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள். இப்படித் திறக்கவும் மூடவும் எந்த நேரமும் வசதி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020இலேயே உத்தரவிட்டுவிட்டது. செயலியில் அந்தப் பொத்தானை வங்கிகள் நான்கு திரை தாண்டி ஒளித்து வைத்திருக்கும். தேடினால் கிடைக்கும். இதைச் செய்யாமல் புகார் எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த மாதத் தவணையும் போகும். அதன் பிறகு அந்தத் தளத்துக்குள் நுழைந்து சந்தாவை ரத்து செய்யுங்கள். ரத்து ஆனதற்கான மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். ரத்து செய்யும் இடமே இல்லை என்றால், "சந்தாவை ரத்து செய்கிறேன், 4,300 ரூபாயைத் திருப்பித் தரவும், இல்லையென்றால் வங்கி மூலம் சார்ஜ்பேக் கேட்பேன்" என்று இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். வணிகருக்குப் போன பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்பதுதான் சார்ஜ்பேக். அந்தச் சொல்லைப் பார்த்ததும் பணத்தைத் திருப்பிவிடும் தளங்கள் உண்டு. சார்ஜ்பேக் கூடிக்கொண்டே போனால் கார்டில் பணம் வாங்கும் வசதியே அவர்களுக்குப் பறிபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களுடைய பதிலுக்காக நாள்கணக்கில் காத்திருக்காதீர்கள். வங்கியில் உங்கள் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வங்கியில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். பதற்றத்தில் போய், "என் கார்டில் மோசடி நடந்துவிட்டது, நான் எதுவும் செய்யவில்லை" என்று எழுதுகிறார்கள். வங்கி தன் கணினியைத் திறக்கிறது. முதல் ஒரு டாலரில் கார்டு எண், காலாவதி தேதி, பின்புறத்து மூன்று இலக்கம் எல்லாம் சரியாக இருக்கின்றன. "இது வாடிக்கையாளரே செய்தது" என்று முத்திரை குத்திக் கோப்பை மூடிவிடுகிறது. உங்களுக்குச் சொன்ன பதிலும் இதுதான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையை எல்லோரும் காட்டுவார்கள். வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் முழுப் பணமும் உங்களுடையது என்கிறது அது. நல்ல சுற்றறிக்கைதான். ஆனால் நீங்கள் அறியாமல் நடந்த பரிவர்த்தனைக்கு எழுதப்பட்டது. அதை மட்டும் நம்பிப் போனால் உங்கள் வழக்கு நொண்டும்.

நீங்கள் நிற்க வேண்டிய தரை வேறு. பிடித்த தொகையை மறுத்து வங்கியில் கொடுக்கும் டிஸ்ப்யூட் படிவத்தில் "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்ற கட்டத்தோடு, "ரத்து செய்யப்பட்ட சந்தா", "சொன்னதற்கு மாறான தொகை" என்ற பொருளில் வேறு கட்டங்களும் இருக்கும். உங்களுக்கு உரியவை அவைதான். படிவம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் கிளை போட்டு, தமிழில் விளம்பரம் செய்து, தமிழில் கடன் விற்கிற வங்கிகளுக்கு இந்த ஒரு தாளைத் தமிழில் அச்சிட மட்டும் கை வரவில்லை. வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து நிரப்புங்கள். மகளையே உட்கார வையுங்கள்.

முதலில் போன ஒரு டாலரை விட்டுவிடுங்கள். அதை நீங்கள் தெரிந்துதான் கொடுத்தீர்கள். அதையும் சேர்த்துக் கேட்டால் மொத்தப் புகாரும் பொய்போலத் தோன்றும். இரண்டாவது தொகையை மட்டும் கேளுங்கள். அந்தப் படிவத்தோடு சேர்த்து வங்கியிடம் எழுத்தில் மூன்று கேள்விகளை வையுங்கள். இந்த வணிகரின் பெயரில் என் கார்டில் தொடர்ப் பிடித்தத்துக்கான இ-மேண்டேட், அதாவது முன் அனுமதி, பதிவாகியிருக்கிறதா? பதிவாகியிருந்தால், கூடுதல் சரிபார்ப்பு எந்தத் தேதியில் எப்படி நடந்தது? பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு எனக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பு எங்கே?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல், இந்திய வங்கி தரும் கார்டில் தொடர்ந்து பணம் பிடிக்க வேண்டுமானால் முதலில் வாடிக்கையாளர் சரிபார்ப்போடு பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் குறைந்தது ஒரு நாள் முன்பு வங்கி தகவல் தர வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். வணிகர் வெளிநாட்டில் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. தந்திரக்காரத் தளங்கள் இரண்டாவது பிடித்தத்தைச் சந்தா என்று காட்டாமல் தனியொரு விற்பனைபோல அனுப்பி இந்த வலையிலிருந்து நழுவுகின்றன. அப்படியானால் அந்தத் தனி விற்பனைக்கு நீங்கள் எப்போது சம்மதித்தீர்கள் என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும். இரண்டு வழியில் எதை எடுத்தாலும் வங்கியால், "நீங்களே கொடுத்தீர்கள்" என்ற ஒரே வரியில் முடித்துக்கொள்ள முடியாது. சோதனைச் சந்தா விற்கிற வணிகருக்கு விசா என்ற கார்டு நிறுவனமும் 2020 ஏப்ரல் முதல் தனி விதி வைத்திருக்கிறது. சம்மதத்தை வெளிப்படையாகப் பெற வேண்டும். எந்தத் தேதியில் எவ்வளவு பிடிக்கப்படும் என்று எழுதிய ரசீதை அனுப்ப வேண்டும். ரத்து செய்ய எளிய வழி தர வேண்டும். உங்கள் மின்னஞ்சலில், குப்பைப் பெட்டி உட்பட, அப்படி ஒரு ரசீது இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

சார்ஜ்பேக் கேட்க விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் வரை இடம் உண்டு. வங்கிப் படிவத்தில் அதைவிடக் குறைவாகப் போட்டிருக்கலாம். மூன்று வேலை நாட்களுக்குள் எழுதிவிடுவது எல்லா வகையிலும் நல்லது. குறுஞ்செய்தி வந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், விடுமுறையையும் சேர்க்க வேண்டாம். அந்த மூன்று நாள் தாண்டியிருந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். நீங்கள் எடுக்கிற வழிக்கு அது கதவை மூடாது. தொலைபேசியில் சொன்னேன் என்பது செல்லாது. புகார் எண் வாங்குங்கள். கிளை மேலாளரிடம் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். "மேலே அனுப்பியிருக்கிறோம் மேடம்" என்பது முத்திரை ஆகாது.

கிரெடிட் கார்டு என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோபத்தில் முழுப் பில்லையும் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். தகராறில் இல்லாத தொகையைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். 4,300 ரூபாய்க்குப் புகார் நிலுவையில் இருக்கிறது, அதற்கு வட்டி போடக் கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். இதே கேள்வியைக் கேட்டு வருகிறவர்களில் சிலர் உண்மையில் ஏமாற்றப்படவே இல்லை. ஸ்டேட்மென்டில் முன்பின் தெரியாத பெயர் இருக்கும். பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங், டூசெக்அவுட் என்றெல்லாம் இருக்கும். இவை நேர்மையான பல மென்பொருள் நிறுவனங்களின் சார்பில் பணம் வாங்கித் தரும் நிறுவனங்கள். மகன் போன வருடம் ஒரு படத்தொகுப்பு மென்பொருளை வாங்கியிருப்பான். இந்த வருடம் அது புதுப்பிக்கப்பட்டிருக்கும். ஸ்டேட்மென்டில் மென்பொருளின் பெயருக்குப் பதிலாக வசூலித்தவரின் பெயர் வந்திருக்கும். அப்பா அதை மோசடி என்று வங்கியில் எழுதிக் கொடுப்பார். கார்டு முடக்கப்படும், மின்கட்டணமும் ஓடிடி சந்தாவும் நின்றுபோகும், வணிகர் ரசீதை அனுப்புவார், வங்கி புகாரைத் தள்ளிவிடும். அடுத்த முறை நிஜமாகவே பணம் போகும்போது அந்த வாடிக்கையாளரின் சொல்லுக்கு வங்கியில் மதிப்பு குறைந்திருக்கும். எனவே தெரியாத பெயரைப் பார்த்ததும் முதலில் வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். பிறகு அந்தப் பெயரையும் தொகையையும் மின்னஞ்சலில் தேடுங்கள். இத்தகைய வசூல் நிறுவனங்கள் சிலவற்றின் தளத்தில் கார்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தால் எந்தப் பொருளுக்கு எடுத்தார்கள் என்று காட்டிவிடும். முழுக் கார்டு எண்ணைக் கேட்டால் வெளியேறிவிடுங்கள். உங்கள் விஷயத்தில் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை, எங்கே கொடுத்தோம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இது அவசியம்.

யுபிஐ மூலம் கட்டியவர்கள் செயலியில் ஆட்டோபே (தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி) பகுதிக்குப் போய் ரத்து செய்தால் போதும். கைப்பேசிச் செயலி வழியாகச் சந்தா எடுத்தவர்கள் பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில் ரத்து செய்ய வேண்டும். செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று நம்பி மாதக்கணக்கில் பணம் கொடுப்பவர்கள் ஏராளம்.

இத்தனைக்கும் கோப்பைச் சுருக்கக் காசே தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, பிடிஎஃப் ஆக மீண்டும் ஏற்றுமதி செய்யும்போது படத்தின் தரத்தைக் குறைத்தால் அளவு இறங்கிவிடும். அதையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். லிப்ரே ஆபீஸ், விஎல்சி, செவன் ஜிப் போன்ற இலவச மென்பொருட்களையே "உறுப்பினர் கட்டணம்" வாங்கிக்கொண்டு பதிவிறக்கத் தருகிற தளங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. கடைசியில் 2012 ஆகஸ்டிலிருந்து, பணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதைப் பொத்தானிலேயே தெளிவாக எழுதாவிட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் வழிகாட்டுதல்கள் பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. சந்தாப் பொறியும் அதில் ஒன்று. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். எங்கோ ஒரு தீவில் பதிவான நிறுவனத்திடமிருந்து உங்கள் பணத்தை அது வாங்கித் தரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்குள்ள கணினியில் கார்டு எண்ணைத் தட்டாதீர்கள். "நினைவில் வைத்துக்கொள்ளவா?" என்று பிரவுசர் கேட்கும்போது பக்கத்தில் நிற்கிற தம்பி வழக்கமாக "ஆம்" என்பதை அழுத்திவிடுவார், கெட்ட எண்ணமே இல்லாமல்.

வங்கிக்கு எழுதிக் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது அதே ஒற்றை வரிப் பதில்தான் வருகிறது என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். இணையத்திலேயே புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. வங்கிக்குக் கொடுத்த கடிதம், புகார் எண், அந்த மூன்று கேள்விகள், ரத்து மின்னஞ்சல், ஸ்டேட்மென்ட் ஆகியவற்றை இணைத்தால் போதும். அந்தப் புகாரை எழுதித் தருவதற்கும் ஒருவர் 500 ரூபாய் கேட்டுக்கொண்டு வருவார். அவரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.