கியூபெக்கின் "தூக்குக் கைதி ரீல்" எங்கிருந்து வந்தது? ஏன் ஆளுக்கொரு விதமாக வாசிக்கிறார்கள்?

நீங்கள் கேட்பது கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கில், பிரெஞ்சில் "ரீல் து பாந்து" என்று வழங்கும் வயலின் மெட்டு. ரீல் என்றால் துரிதமான நடன மெட்டு. இயற்றியவர் பெயர் இல்லை, கதைதான் உண்டு. மரண தண்டனைக் கைதி ஒருவனைத் தூக்குமேடைக்குக் கொண்டுவருகிறார்கள். சுருதி கலைந்த வயலின் ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் ஒரு மெட்டு வாசித்தால் உயிர் பிழைக்கலாம் என்கிறார்கள். வாசித்துவிடுகிறான். அவன் அதற்கு முன் வயலினைத் தொட்டதே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு.

கர்நாடக வயலின் வாசிக்கும் எனக்கு, கதையைவிட அந்தக் "கலைந்த சுருதி"மேல்தான் கண். மேற்கத்திய வயலினின் தந்திகள் கீழிருந்து ஜி, டி, ஏ, இ. இந்த மெட்டுக்காக கியூபெக்காரர்கள் ஜி-யை ஏ-வுக்கும் டி-யை இ-க்கும் ஏற்றுகிறார்கள். மேல் தந்தியை சி ஷார்ப்புக்கு இறக்குகிறார்கள். ஏ-வை ஸட்ஜமாக, அதாவது ஆதார ஸ-வாக வைத்துப் பாருங்கள்: ஸ, ப, ஸ, க. முதல் மூன்றும் நாம் வைப்பதேதான். நாம் பஞ்சமம் (ப) வைக்கும் மேல் தந்தியில் அவர்களுக்கு அந்தர காந்தாரம் (க). ஒரு விரலும் வைக்காமல் வில்லை நான்கு தந்தியிலும் உருட்டினாலே இனிமையாக ஒலிக்கும். கைதியை மாட்டிவிட நினைத்த புண்ணியவான் பாதி மெட்டைச் சுருதியிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்! அதனால் என் ஊகம், சுருதிதான் முதலில் இருந்தது. அது ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட கதை பிறகு ஒட்டிக்கொண்டது.

சுருதிக்கு உண்மையான காரணம் வேறு. மைக் இல்லாத காலத்தில் பண்ணை வீட்டுச் சமையலறையில் ஊரே கூடி ஆடும். வாசிப்பது பெரும்பாலும் ஒற்றை வயலின். பக்கத்துத் தந்தி விரல் படாமல் கூடவே முழங்கினால் ஒலி கூடும். போதாததற்கு, வாசிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலாலும் முன்பாதத்தாலும் தரையில் தாளம் தட்டுவார். கியூபெக் பாணியைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காட்டுவது அந்தக் கால் தட்டல்தான்.

ரீல் என்ற வடிவம் ஸ்காட்லாந்துச் சரக்கு. 1763-இல் பிரெஞ்சுக் கனடா பிரிட்டன் கைக்குப் போனபின் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்தார்கள். 1840-களின் பஞ்சத்தில் ஐரிஷ்காரர்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கினார்கள். மெட்டுகளும் கூடவே வந்தன. தூக்குமேடை வயலின்காரன் கதையும் ஸ்காட்லாந்துப் பக்கம் பழையது. 1700-இல் அங்கே பான்ஃப் ஊரில் தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் மக்ஃபர்சன், கடைசியாக ஒரு மெட்டு வாசித்துவிட்டு வயலினை உடைத்தான் என்பார்கள். ஆனால் அவன் பெயரில் உள்ள மெட்டு வேறு. கதை ஒத்துப்போகிறது என்பதற்காக இந்த மெட்டையும் ஸ்காட்லாந்துக் கணக்கில் எழுதிவிட நான் தயாரில்லை.

சரி, ஏன் இத்தனை வடிவங்கள்? காதால் கேட்டுக் கற்ற மெட்டு இது. இத்தனை பகுதிதான் என்ற கணக்கும் கிடையாது. ஒருவர் மூன்று பகுதியோடு நிறுத்துவார், இன்னொருவர் அடுக்கிக்கொண்டே போவார். நடுவில் ஒரு தாள அடி கூடும் குறையும். அப்படிப்பட்ட மெட்டுகளை அங்கே "கோணல்" மெட்டு என்பார்கள், குறையாக அல்ல, பாசமாகவே. எல்லை தாண்டி அமெரிக்காவிலும் இது ஓடுகிறது. வர்ஜீனியாவின் ஒயிட்டாப் மலைப்பகுதியில் வயலின் செய்துவந்த ஆல்பர்ட் ஹாஷ் வாசித்து அங்கே பிரபலம். அந்தப் பக்கம் பலர் வைப்பது ஏ, இ, ஏ, இ. அதாவது அப்படியே நம் ஸ, ப, ஸ, ப!

கேட்க வேண்டுமென்றால் கியூபெக் வயலின்காரர் ஜான் கரிஞானிடம் (1916–1988) தொடங்குங்கள். மான்ட்ரியாலில் டாக்சி ஓட்டிப் பிழைத்த மனிதர். மேற்கத்திய வயலின் மேதை யெஹுதி மெனுஹினே வியந்த கை.

உங்கள் வயலின் ஸ, ப, ஸ, ப-வில் இருந்தால் மேல் தந்தியை மட்டும் க-வுக்கு இறக்கினால் போதும். க-வுக்குக் கொஞ்சம் கீழே போய்விட்டு மேலே ஏற்றி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) நழுவும். அப்புறம் அந்தத் தந்தியில் ம ஒட்டினாற்போல் வரும். ஆட்காட்டி விரலை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டியிருக்கும்.