வேப்பம்பூ: எந்த மரத்தில் எடுப்பது, ரசத்தில் எப்போது போடுவது?

கேள்வி: பங்குனி பிறந்ததும் எங்கள் தெரு முழுக்க வேப்பம்பூ கொட்டுகிறது. போன வருடம் பெருக்கி அள்ளிக் காயவைத்தேன். இரண்டே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. வைத்த ரசமும் கஷாயம் மாதிரிக் கசந்தது. பக்கத்துக் காலி மனையில் ஊதாவாகப் பூக்கும் வேம்பு ஒன்று நிற்கிறது. அந்தப் பூவையும் சேர்க்கலாமா? (மதுரை மாவட்ட வாசகி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அந்த ஊதாப் பூவைத் தொடாதீர்கள். அது நம் வேம்பு இல்லை, மலைவேம்பு வகை. அதன் பழம் நச்சு. தின்ற கால்நடைகளும் மனிதர்களும் பாதிக்கப்பட்டது உண்டு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. ப்ளைவுட்டுக்காகத் தோப்பாக நடுகிறார்களே, அந்த மலைவேம்பின் பூ வெளிறித்தான் இருக்கும். அதனால் இலையைப் பாருங்கள். வேம்பில் ஒரே ஈர்க்கு, அதன் இரு பக்கமும் அரிவாள் போல வளைந்த, ஓரம் பல் பல்லான இலைகள். மலைவேம்பில் அந்த ஈர்க்கே கிளைவிட்டு, கிளைகளில் இலை இருக்கும். அப்புறம் வாசனை: வேப்பம்பூவில் மெல்லிய தேன் மணம் வரும். இலையும் மணமும் ஒத்துப்போனால் மட்டும் எடுங்கள்.

பூவைப் பெருக்கி அள்ளியதில்தான் பாதிக் கோளாறு. தெரு மண்ணும் வண்டிப் புகையும் சேர்ந்து வந்துவிடும். கழுவினாலோ பூ ஈரம் குடித்துக் குழைந்து, காயவே காயாது. சாயங்காலமே மரத்தடியைக் கூட்டிவிட்டுப் பழைய வேட்டியை விரித்துவையுங்கள். விடிந்ததும், பனி உலர்ந்தவுடன் சுருட்டி எடுத்துவிடலாம். பேருந்து ஓடும் சாலை மரம் வேண்டாம். கொசு மருந்துப் புகை அடித்த மறுநாளும் வேண்டாம். கிளையை உலுக்கியோ ஒடித்தோ எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மரத்தில் நிற்கும் பூதான் ஆனி, ஆடியில் பழமாகும். அது காக்கைக்கும் குயிலுக்கும் இரை. தானாக உதிர்வதே ஒரு வீட்டுக்குத் தாராளம்.

எடுத்ததை முறத்தில் புடைத்து, காம்பும் சருகும் நீக்கி, மெல்லிய துணியில் பரப்பி நிழலில் காயவையுங்கள். பழுப்பாக மாறுவது இயல்பு, பயப்பட வேண்டாம். கையில் எடுத்துக் கசக்கினால் சரசரவென்று நொறுங்க வேண்டும். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்; உங்களுக்குப் பூஞ்சை வந்தது அதனால்தான். கடைசியாக ஒரு மணி நேரம் வெயில் காட்டி, சூடு ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். பூஞ்சை வந்த பழைய பூவை வறுத்துக்கூடப் பயன்படுத்த வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

சரி, ரசத்துக்கு வருவோம். பூவைப் புளித்தண்ணீரோடு கொதிக்கவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொதிக்கக் கொதிக்கக் கசப்பு நீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். நான்கு பேருக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளி கரைத்து, உப்பு, பெருங்காயம், துளி வெல்லம் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். பருப்புத் தண்ணீர் விளாவி, நுரை கட்டியதும் இறக்குங்கள். அதன் பிறகு நெய்யில் கடுகு, இரண்டு மிளகாய் வற்றல் தாளித்து, தீயைக் குறைத்து ஒரு மேசைக்கரண்டி பூவைப் போட்டு, காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்து ரசத்தில் கொட்டி மூடுங்கள். கறுக விட்டால் அது வேறு கசப்பு, வெல்லத்துக்கும் அடங்காது. பரிமாறக் கால் மணிக்கு முன்னால் வைத்தால் போதும். மதிய ரசத்தை இரவுக்கு வைத்தால் மறுபடியும் கசப்பு ஏறும்.

கர்ப்பிணிகளும், கருத்தரிக்க முயல்பவர்களும் வேப்பம்பூவைத் தவிர்ப்பது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் எப்போதாவது ரசமாகச் சாப்பிடலாம், மருந்துக்குப் பதிலாக அல்ல.

இதே நாட்களில் புளியமரமும் துளிர்த்திருக்கும். அந்தச் செம்மை படர்ந்த கொழுந்தை ஒரு கை பறித்து, நரம்பு நீக்கி, வேகவைத்த துவரம்பருப்பில் போட்டுக் கடையுங்கள். ஆந்திரத்தில் இதைச் சிந்தச்சிகுரு பப்பு என்று ஆசையாகச் செய்வார்கள். இதற்குப் புளி ஊற்றாதீர்கள், கொழுந்தே புளிக்கும்.