வால்யூம் குரூப் இயங்குகிறது, ஆனால் அதன் கான்ஃப் கோப்பைக் காணவில்லை: கவலைப்பட வேண்டுமா?

எச்பி-யூஎக்ஸ் (எச்பியின் யூனிக்ஸ் இயங்குதளம்) சர்வரில் விஜி03 என்ற வால்யூம் குரூப் (பல டிஸ்க்குகளை ஒன்றாக்கிய தொகுப்பு) குறையின்றி இயங்குகிறது, ஆனால் /இடிசி/எல்விஎம்கான்ஃப் அடைவில் விஜி03.கான்ஃப் (குரூப்பின் அமைப்பு விவரங்களின் பேக்கப் கோப்பு) இல்லை, இது பெரிய விஷயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய விஷயம்தான். எல்லா டிஸ்க்குகளும் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கோப்பை எழுதும் விஜிசிஎஃப்ஜிபேக்கப் கட்டளையை ஓட்டிவிட்டு மீதியைப் படியுங்கள். குரூப்பின் எல்லா டிஸ்க்குகளையும் எட்ட முடிந்தால்தான் அது வழக்கமாகக் கோப்பை எழுதும். ஒரு டிஸ்க் போன பிறகு ஓட்டிப் பயனில்லை.

உங்களுடையது இரண்டு நோடு (சர்வர்) கொண்ட சர்வீஸ்கார்டு கிளஸ்டர், அதாவது ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் அமைப்பு, என்று ஊகிக்கிறேன். எனக்கு அடி விழுந்தது அங்கேதான். முதல் நோடில் விஜி03-இல் புது டிஸ்க்குகளைச் சேர்த்து, மேப் கோப்பை (குரூப்பின் உள்பகுதிகளான லாஜிக்கல் வால்யூம்களின் பட்டியல்) இரண்டாம் நோடுக்கு எடுத்துச் சென்று, அங்கே விஜிஇம்போர்ட் கட்டளையால் குரூப்பைப் பதிவு செய்தேன். இந்தக் குரூப்புக்கு இந்த இயந்திரத்தில் பேக்கப் இல்லாமல் இருக்கலாம், ஆக்டிவேட் செய்த பிறகு மறக்காமல் எடுக்கவும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. நான் அதைப் படிக்காமல் விடவில்லை. ஆனால் பேக்கேஜ் (கிளஸ்டர் நடத்தும் பயன்பாடு) முதல் நோடில் ஓடிக்கொண்டிருக்க, குரூப் அங்கே எக்ஸ்குளூசிவாக (அந்த நோடுக்கு மட்டும்) ஆக்டிவாக இருந்ததால், எச்சரிக்கை சொன்னதை இரண்டாம் நோடில் அப்போது செய்ய வழியே இல்லை. பிறகு செய்யலாம் என்று விட்டது ஒன்றரை ஆண்டு அப்படியே கிடந்தது.

பேட்ச் வேலைக்காகப் பேக்கேஜை இரண்டாம் நோடுக்கு மாற்றியிருந்த ஒரு ஞாயிறு இரவில் மிரரின் (ஒரே தரவின் இரட்டை நகல்) ஒரு டிஸ்க் செத்தது. புது டிஸ்க்கைப் பொருத்தி கான்ஃப் கோப்பிலிருந்து விவரங்களை டிஸ்க்கில் திரும்ப எழுதும் விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் கட்டளையைக் கொடுத்தபோது கோப்பு இல்லை என்று பதில் வந்தது. அப்போது என் கை நடுங்கியது. முதல் நோடில் கோப்பு இருந்தது. ஆனால் இரண்டு நோடுகளிலும் கன்ட்ரோலர் எண்கள் வேறு என்பதால், அங்கே சி5டி2டி0 எனப்படும் டிஸ்க் இங்கே சி8டி2டி0 ஆக இருந்தது. கோப்பை நகலெடுத்து, மைனஸ் எல் கொடுத்து உள்ளே எந்தெந்த டிஸ்க் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, மைனஸ் எஃப் கொடுத்துக் கோப்பின் இடத்தையும் மைனஸ் ஓ கொடுத்துப் பழைய பெயரையும் சொல்லி, புது டிஸ்க்கில் எழுதினேன். பிறகு குரூப்பை மீண்டும் ஆக்டிவேட் செய்ததும் மிரர் ஒத்திசையத் தொடங்கியது. குரூப்பின் அமைப்பை மாற்றும் எல்விஎக்ஸ்டெண்ட் போன்ற கட்டளைகள் தாமாகவே பேக்கப் எடுத்துவிடும். இரண்டாம் நோடில் அப்படி எந்த மாற்றமும் நடக்காததால்தான் அங்கே கோப்பு உருவாகவில்லை, அதே காரணத்தால் முதல் நோடின் கோப்பும் பழசாகவில்லை. அன்று நான் தப்பியது இதனால் மட்டுமே.

கிளஸ்டர் இல்லையென்றால், உங்கள் ஸ்கிரிப்டுகளில் மைனஸ் ஏ என் இருக்கிறதா என்று பாருங்கள்; தானியங்கு பேக்கப்பை அது நிறுத்திவிடும். டிஸ்க் போன அவசரத்தில் மிரரிலிருந்து டிஸ்க்கைக் கழற்றும் எல்விரெடியூஸை அப்படித்தான் ஓட்ட நேரும், பின்னர் கையால் பேக்கப் எடுக்க யாருக்கும் நினைவிருக்காது. ரூட் ஃபைல் சிஸ்டம் நிரம்பி, கோப்பை எழுத இடமில்லாமல் போனதா என்பதையும் பாருங்கள்.

இக்னைட் டேப் (சர்வரை மீட்டெடுக்கும் பேக்கப் டேப்) இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கோப்பே இல்லாத நோடில் எடுத்த டேப்பில் அது எங்கிருந்து வரும்? மிரரைக் கழற்றி, டிஸ்க்கை நீக்கி, டிஸ்க்கைத் தயார்செய்யும் பிவிகிரியேட்டிலிருந்து மறுபடி கட்டலாமே என்பார்கள். கட்டலாம், ஆனால் இருபது லாஜிக்கல் வால்யூம்களுக்கு அதை நள்ளிரவில் செய்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். எச்பி-யூஎக்ஸ் 11ஐ வி3-இன் வழக்கமான ஆதரவுக் காலம் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டதே என்பவர்களுக்கு: இன்னும் ஓடும் சர்வர்களில் இருப்பது உண்மையான மனிதர்களின் கணக்குகள்.

என் மனக்குறை ஒன்று உண்டு. அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு தணிக்கையிலும் டேட்டாபேஸ் பேக்கப்பின் சான்றைக் கேட்டார்கள். இந்தச் சிறிய கோப்பு ஒவ்வொரு நோடிலும் இருக்கிறதா என்று ஒருவரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது நான் பேக்கேஜ் நோடு மாறும் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக விஜிசிஎஃப்ஜிபேக்கப் ஓட்டி, இரண்டு நோடுகளின் கோப்புகளையும் நோடின் பெயரிட்டு எதிர் நோடிலும் ஒரு நகல் வைக்கிறேன்.