பூசணம் பிடித்த தானியத்தைக் கழுவி வேகவைத்தால் நஞ்சு போய்விடுமா? மாட்டுக்காவது போடலாமா?

இரண்டுக்குமே என் பதில்: வேண்டாம். கொதிக்க வைத்தால் பூசணம் செத்துவிடும். அது சுரந்துவிட்ட நஞ்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேலே படிந்ததைத் துடைத்தாலும் உள்ளே ஊறியது போகாது.

பூசணம் சுரக்கும் நஞ்சுகளில் மோசமானது அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரெனச் செத்தன. காரணம் தெரியாமல் முதலில் அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் தீவனத்தில் கலந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில்தான் வினை இருந்தது. மனிதர்களும் தப்பவில்லை: 2004இல் கென்யாவில் நஞ்சேறிய மக்காச்சோளம் தின்று 125 பேர் இறந்தார்கள்.

ஆனால் இப்படிச் சட்டென்று கொல்வது அபூர்வம். கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரலாம். ஹெபடைடிஸ் பி தொற்றும் இருந்தால் அந்த அபாயம் பல மடங்கு.

சரி, மாடு? அசைபோடும் விலங்குகள் கோழி, பன்றியை விடக் கொஞ்சம் தாங்கும். அதை நம்பித்தான் பலர் போடுகிறார்கள். ஆனால் மாடு தின்ற அஃப்ளாடாக்சினின் ஒரு பகுதி உருமாறி பாலில் வந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. அப்புறம் அது குழந்தையின் டம்ளருக்குத்தான் வரும்.

மற்ற நஞ்சுகளும் உண்டு: ஓக்ராடாக்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஃபுமோனிசின் குதிரையின் மூளையையே சிதைக்கும்.

தானியத்தை நன்றாகக் காயவைத்து, ஈரம் ஏறாமல் வையுங்கள். கெட்டுப்போனதைக் குப்பையில் போடுங்கள்.