அந்த சைக்கிளைப் பற்றிச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 27 ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஆலோசகர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 58. என் கணவர் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறு மாதங்கள் ஆகின்றன. மகன் சார்ஜாவில் இருக்கிறான், மகள் ஓசூரில். இருவரும் தினமும் போன் செய்கிறார்கள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரே யோசனைதான். சமைக்கவும் தோன்றுவதில்லை. கொல்லைத் தாழ்வாரத்தில் அவருடைய சைக்கிள் நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் காற்றடித்து வைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு மகள், ‘அம்மா, கவுன்சலிங் போகலாம்’ என்கிறாள். நான் என்ன பைத்தியமா? முன்பின் தெரியாத ஒருவரிடம் உட்கார்ந்து வீட்டுக் கதையைப் பேசினால், போனவர் வரவா போகிறார்? இனி எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா? இதை நேராகவே கேட்கிறேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. வெளிப்படையாகக் கேட்கும்போதுதான் பலருக்குப் பெருமூச்சே வருகிறது. அந்த எண்ணம் இருந்தால், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு மூன்று மணிக்கும் ஆள் இருப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மகளிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அந்த எண்ணம் இல்லை, வெறுமைதான் என்றால், மேலே பேசுவோம்.

‘நான் பைத்தியமா’ என்று கேட்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சொல்லின் மேல் நிறையவே உண்டு. 1794-இல் வேர்விட்ட ஒரு மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரை, கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரை, நாம் வசவாகவே ஆக்கி வைத்திருக்கிறோம். அதனால் எத்தனை பேர் எங்கள் பிரிவின் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள் தெரியுமா? பல்வலி சிகிச்சை பக்கத்து அறை. தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால், ‘பல்லுக்கு வந்தேன்’ என்று சொல்லிக்கொண்டு அந்த வரிசையில் போய் நின்றுகொள்வார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அதற்காக அவளை ஒரு முறை கட்டிக்கொள்ளுங்கள்.

‘ஒரே யோசனை’ என்று எழுதியிருப்பதைப் படித்ததும் ஜிம்பாப்வே நினைவுக்கு வந்தது. அங்கே ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்று ஒரு சொல் உண்டு. அளவுக்கு மீறிய யோசனை என்று பொருள். நாம் மனச்சோர்வு என்று சொல்வதை அந்த ஊர்ப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்களாம். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரே நகரில் ஒரு ஏற்பாடு செய்தார். நாடு முழுவதற்குமே மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அதனால் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் மரத்தடி பெஞ்சுகளில் உட்காரவைத்தார். வருகிறவர் பேச, பாட்டி கேட்பார். இருக்கிற கவலைகளில் முதலில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தவரே முடிவு செய்வார். இதில் முதல் படிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மனத்தைத் திறத்தல்’. பிறகு முறையாக ஆய்வு செய்து பார்த்தபோது, அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நல்ல தெளிவு வந்திருந்தது. மருத்துவ இதழில் 2016-இல் வெளிவந்த செய்தி இது. நம் திண்ணைகளில் ஒரு காலத்தில் நடந்ததுதானே என்று தோன்றும். ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பாட்டிகளுக்குக் கேட்பதற்குப் பயிற்சி இருந்தது. நம் திண்ணையில் அறிவுரை சொல்லத்தான் ஆள் அதிகம்.

உறவினர்களிடம் பேசினால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பேசுங்கள், அவசியம் பேசுங்கள். ஆனால் உங்கள் மகனும் மகளும் அப்பாவை இழந்தவர்கள். நீங்கள் அழுதால் அவர்களுக்குத் தாங்காது, ‘அழாதே அம்மா’ என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குத் தாங்காது என்று தெரிந்துதான் நீங்களும் போனில் ‘சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன்’ என்கிறீர்கள். ஆலோசகரின் முன்னால் யாரையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இல்லை. முன்பின் தெரியாதவர் என்று நீங்கள் குறையாகச் சொன்னதுதான் அவரால் உங்களுக்கு ஆகக்கூடிய உதவி.

என் கதையையும் சொல்கிறேன். என் தம்பி இறந்தபோது இந்த வேலையில் நான் 14 ஆண்டுகளைக் கடந்திருந்தேன். துக்கம் பற்றிப் பிறருக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனாலும் மூன்று மாதங்கள் கழித்து, மதுரையில் இருந்த ஓர் ஆலோசகரிடம் நானே போய் உட்கார்ந்தேன். முதல் நாள் முக்கால் மணி நேரமும் மருத்துவமனை பில்லைப் பற்றித்தான் பேசினேன். எந்த மருந்துக்கு எவ்வளவு போட்டார்கள், எந்த ரசீது காணாமல் போனது என்று ஒவ்வொன்றாக. அவர் இடைமறிக்கவே இல்லை. நான்காவது முறை போனபோது, ‘தம்பி உங்களை எப்படிக் கூப்பிடுவார்?’ என்று கேட்டார். ‘குட்டிக்கா’ என்றேன். சிறுவயதில் எங்களுக்கு ஒரு பெரியக்கா இருந்ததால் வந்த பெயர். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் இனி ஆள் இல்லை என்று. அந்த நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து அழுதேன். அவர் தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ‘போதும்’ என்று சொல்லவில்லை. மொத்தம் 11 முறை போனேன். தம்பி திரும்பி வரவில்லை. ஆனால் அந்தப் பெயரை நினைத்தால் இப்போது தொண்டை அடைப்பதோடு கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

உங்களுக்கும் அந்த அறையில் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும். முதல் நாள் தூக்கம், பசி, உடம்பு, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் கேட்பார்கள். தைராய்டும் ரத்தசோகையும் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவை மனச்சோர்வு போலவே வேஷம் போடும். பிறகு வாரம் ஒரு முறை, 45 அல்லது 50 நிமிடங்கள். அழுகை வந்தால் அழலாம். பேச்சு வராவிட்டால் சும்மாவும் இருக்கலாம். துக்கம் நோய் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே இளகும். இளகாமல் ஆறு மாதங்களைத் தாண்டியும் அன்றாட வாழ்க்கையை முடக்கிப் போட்டால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே சொல்கிறது. உங்கள் மூன்று மணி விழிப்பையும் சமைக்காத அடுப்பையும் வைத்துப் பார்த்தால், நீங்கள் போய்க் காட்டுவது நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சைக்கிளுக்குக் காற்றடிப்பதை யாரும் நோய் என்று சொல்ல நான் விடமாட்டேன். அவர் எந்தத் தெருவுக்கெல்லாம் அதில் போனார்? யார் வீட்டு மணியார்டருக்காக வெயிலில் இரண்டாவது நடை போனார்? வீடு திரும்பும்போது மணியை எத்தனை முறை அடிப்பார்? ஒரு நல்ல ஆலோசகர் உங்களிடம், ‘அந்த சைக்கிளைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றுதான் கேட்பார். வாழ்க்கைக்கு இதுதான் அர்த்தம் என்று ஒன்றை எடுத்து அவர் உங்கள் கையில் கொடுக்கமாட்டார். கொடுத்தாலும் அது ஒட்டாது. 30 வருடம் நீங்கள் யாருடன், எதற்காக வாழ்ந்தீர்கள் என்பதை உங்கள் வாயாலேயே சொல்லிக் கேட்கும்போது, அதில் எது இன்னும் மிச்சமிருக்கிறது என்பது உங்களுக்கே பிடிபடும். சைக்கிளை விற்பதும் வைத்துக்கொள்வதும் அதற்குப் பிறகு வரவேண்டிய முடிவு. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணம் கிடையாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் முதலில் நான்கு மாவட்டங்களில் வந்தபோது நம் திருச்சி அவற்றில் ஒன்று. இப்போது பெரும்பாலான மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. காலை எட்டு மணிக்கே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 27. பதற்றம் தாங்காமல் ஒரு தனியார் ஆலோசகரிடம் போனேன். ஒரு முறைக்கு 1,200 ரூபாய். இரண்டாம் நாளே, ‘கல்யாணம் செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்றார். மீதி நேரம் தன் மகளின் கல்யாணக் கதையைச் சொன்னார். கவுன்சலிங் என்றால் இவ்வளவுதானா?
— வாசகி, கோவை

பதில்: இல்லை மகளே. நீ 2,400 ரூபாய் கொடுத்து, சித்தி வீட்டில் இலவசமாகக் கிடைப்பதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாய். எனக்கு மனம் வலிக்கிறது. ஏனென்றால் இப்படி ஒரு முறை அடிபட்டவர்கள் மறுபடி எந்தக் கதவையும் தட்டுவதில்லை.

நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் என்ன என்று தயங்காமல் கேள். பிற ஆலோசகர் என்றால் எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை பார்த்தார், பதற்றத்துக்கு எந்த முறையில் சிகிச்சை தருவார் என்று கேள். நல்லவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பதற்றத்துக்கு, எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துக் கவனிக்கும் சிகிச்சை முறை நன்றாகப் பலன் தருகிறது. ஆரோன் பெக் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களில் உருவாக்கியது. அதில் வீட்டுப்பாடமெல்லாம் உண்டு. பயம் வந்த நேரம், அப்போது மனத்தில் ஓடிய வாக்கியம், அது உண்மைதானா என்பதற்கான சாட்சி என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்வார்கள். மூன்று நான்கு முறை போயும் நீ சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்ற உணர்வு வரவில்லை என்றால், ஆளை மாற்று. செருப்புக் கடித்தால் நடப்பதையே விட்டுவிடுவோமா?

கேள்வி: அம்மா, வணக்கம். நான் பஸ் டிரைவர், வயது 41. எட்டு மாதங்களுக்கு முன் வத்தலக்குண்டு சாலையில், குறுக்கே வந்த பைக் என் வண்டியில் மோதி ஒரு பையன் இறந்துவிட்டான். என் மேல் தவறு இல்லை என்று விசாரணையில் முடிந்துவிட்டது. ஆனால் சாலையில் கிடந்த அவனுடைய ஒற்றைச் செருப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த இடம் வரும்போது கை நடுங்குகிறது, கால் தானாக பிரேக்கில் போய் விழுகிறது. கோயிலில் மந்திரித்தும் பார்த்துவிட்டேன். கவுன்சலிங் போனால் டிப்போவுக்குத் தெரிந்து டியூட்டி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தவறு இல்லை என்று விசாரணை முடித்துவிட்டது, உங்கள் உடம்பு இன்னும் முடிக்கவில்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பின் மூளை அந்த நொடியைப் பழைய நினைவாக அடுக்கி வைக்காமல், இப்போது நடப்பதாகவே எண்ணிக் காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கால் பிரேக்கை மிதிப்பது அதனால்தான். எட்டு மாதங்களாக இப்படி இருக்கிறது என்றால் தானாகப் போகும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம். இதற்கென்றே சிகிச்சை உண்டு. பாதுகாப்பான அறையில், பயிற்சி பெற்றவரின் துணையோடு, அந்த நாளை மெதுவாக, பல முறை சொல்லச் சொல்வார்கள். முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும், பொய் சொல்லமாட்டேன். போகப்போக நடுக்கம் குறையும். கோயிலுக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

டிப்போவைப் பற்றி: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உங்களைக் கேட்காமல் மருத்துவர் உங்கள் மேலதிகாரிக்குச் சொல்ல முடியாது. உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதனால்தான் இதையும் சொல்கிறேன்: கை நடுங்கும் நாள்களில் வண்டியை எடுக்காதீர்கள். உங்களை நம்பி ஐம்பது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சிகிச்சை தொடங்கும்வரை அந்தத் தடத்தை மாற்றித் தரக் கேளுங்கள், அல்லது மருத்துவ விடுப்பு எடுங்கள். அதற்கு மருத்துவரிடமே சான்றிதழ் கேட்டு வாங்கலாம்.

உள்ளே போனதும் எங்கிருந்து தொடங்குவது என்று திகைப்பாக இருக்கும். விபத்தை வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செருப்பு என்ன நிறம் என்பதிலிருந்து தொடங்குங்கள்.