பெரிய காடு இருக்கும்போது சின்னக் குன்றை ஏன் காக்க வேண்டும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வடக்கே பெலும் போன்ற பெருங்காடு இருக்க, செம்மோர் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

பரப்பளவு மட்டும் கணக்கில்லை, ஐயா. இந்த இடம் அழிந்தால் இதிலுள்ளது வேறெங்காவது மிஞ்சுமா, எவ்வளவு சீக்கிரம் அழியும் என்றுதான் இயற்கைப் பாதுகாப்பாளர்கள் முதலில் பார்ப்பார்கள். பல்லுயிர்களுக்கு முக்கியமான இடங்களை அடையாளம் காண 2016இல் வந்த உலகத் தரவரையறைப்படி, ஓரிடத்தில் மட்டுமே வாழ்வது போன்ற குறுகிய பரப்பு உயிரினத்தின் மொத்த எண்ணிக்கையில் 10 விழுக்காடு ஓரிடத்தில் வழக்கமாக இருந்தாலே அது முக்கிய இடமாகத் தகுதி பெறலாம்.

செம்மோர் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றான குனோங் கந்தானைப் பாருங்கள். அங்குள்ள ஒரு குகைச் சிலந்தி சுவரில் பட்டுக்குழாய் கட்டி, வாசலுக்கு மூடி போட்டு, வெளியே நூல்களை விரித்து வைக்கும். பூச்சி நூலில் தடுக்கினால் மூடி திறக்கும், அவ்வளவுதான், கதை முடிந்தது! அந்தச் சிலந்தி வேறெந்தக் குன்றிலும் கண்டறியப்படவில்லை. சுண்ணாம்பை நம்பி ஓடு வளர்க்கும் நத்தைகளும் அப்படித்தான். அமிலத்தன்மையுள்ள தோட்ட மண்ணைத் தாண்டிப் பக்கத்துக் குன்றுக்குப் போக முடியாது. குன்று ஒவ்வொன்றும் ஒரு தீவு.

புலிக்குக் கணக்கு வேறு. நாட்டில் 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. அதற்குப் பரந்த, தொடர்ச்சியான காடு வேண்டும். 1,17,500 ஹெக்டர் ராயல் பெலும் பூங்காவோடு, காடுகளை இணைக்கும் குறுகலான துண்டுகளும் முக்கியமாவது அதனால்தான். கெரிக் நெடுஞ்சாலையில் விலங்குகள் அடியில் கடக்க உயர்பாலம் கட்டியதும் இதற்காகவே.

அப்புறம் ஒன்று: வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் இடங்கள் பல, யாரும் போய்த் தேடாத இடங்கள்.